மடி கொடுத்த மாமன்

நம் ஆய்வுக் குழுவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நோயாளியின் குடும்ப வரைபடம் வரைய உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு, இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு. அரை நாளில் கை பழகிவிடும். ஓய்வு பெறும்வரை நானும் அப்படி எத்தனையோ சதுரங்களும் வட்டங்களும் வரைந்தேன். பெரும்பாலானவை மறந்துவிட்டன. மறக்காத ஒரு சதுரத்தைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வேலைக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்கு ஹட்டனிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மண்சரிவு, பஸ் விபத்து, கோயில் திருவிழா, சம்பளப் போராட்டம். அந்தப் பத்திரிகையில் படங்களைப் பார்க்கும் உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் யார், ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று இடமிருந்து வலமாக எழுதி அனுப்பாவிட்டால் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். "பின்னால் நிற்பவர் யாரோ தெரியாது" என்று ஒருமுறை எழுதினேன். "தெரியாதவரை ஏன் படம் எடுத்தாய்?" என்று பதில் வந்தது. அந்த எரிச்சல் எனக்குப் பல மாதம் இருந்தது. பழக்கம் மட்டும் வாழ்நாள் முழுக்க இருந்துவிட்டது.

பிறகு, பிள்ளைகளுக்கு வரும் சீனி வருத்தம் என்னும் நீரிழிவையும் பரம்பரையாக வரும் எதிர்ப்புச்சக்திக் குறைபாடுகளையும் ஆராயும் இந்தக் குழுவுக்கு, தேயிலைத் தோட்டத்துத் தமிழ் பேசும் ஒரு வெளிக்கள ஆள் தேவைப்பட்டது. சேர்ந்தேன். அந்த நாட்களை இப்போது நினைத்தால் முதலில் வருவது வாசனைகள்தான். வேனுக்குள் ஸ்பிரிட் வாசனை. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போனால் ஈர விறகின் புகை, ரொட்டி கருகும் வாசனை. காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போவதற்குள் பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு, தலைத் துண்டை முடிந்துகொண்டே ஓடும் தாய்மார். டயகமவில் ஒரு தாய், இன்சுலின் போத்தலுக்குக் குளிர் பிடித்துவிடும் என்று அதைப் பிள்ளையின் பழைய கம்பளிக் காலுறைக்குள் போட்டு வைத்திருந்தாள். அந்த ஊர்க் குளிருக்கு அது ஒன்றும் தவறான யோசனை அல்ல. நாங்கள் சிரித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றோம்.

எங்கள் குழுவின் தலைவியை எல்லோரும் பெரிய டொக்டர் என்போம். சிங்களவர். தமிழை ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த தோட்டத்துத் தாய்மாரிடமே கற்றுக்கொண்டவர். அதனால் மரியாதை இல்லாத தமிழ் அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு மாதக் குழந்தையையும் "பாப்பா பால் குடிச்சாங்களா?" என்றுதான் கேட்பார். தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சிவகாமி அவரிடம் வந்தது ஒரு மழைக்காலத்தில். டயகம பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மூத்தது பெண், பள்ளிக்கூடம் போகிறது, எந்த நோயும் இல்லை. இரண்டாவது பையன், கவின். கைக்குழந்தை. பிறந்த சில வாரங்களிலேயே இரத்தத்தில் சீனி ஏறி, தோலெல்லாம் சிவந்து உரிந்து, வயிற்றுப்போக்கு நிற்காமல், கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தான். எடை ஏறவே இல்லை. அதற்கு மேல் காய்ச்சலும் வந்துவிட்டது.

இப்படிப் பிறந்தவுடனே வரும் சீனி வருத்தத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பெரிய டொக்டரின் மனதில் அப்போது இரண்டு இருந்தன. ஒன்று, இன்சுலினை வெளிவிடும் கதவு திறக்காமல் போவது. அதற்குச் சில பிள்ளைகளுக்கு மாத்திரையே போதும். மற்றது, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச்சக்தி கட்டுக்கடங்காமல் அந்த உடம்பையே தாக்குவது. இது பரம்பரையாகத் தாய் வழியில் வரும். பெண்கள் பெரும்பாலும் நோயில்லாமல் சுமப்பார்கள், ஆண் பிள்ளைகள் பலியாவார்கள். இதற்கு எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு அந்த மருந்தைக் கொடுத்து, நம் ஊகம் பிழையாகிப் போனால், குழந்தையை நாமே கிருமிக்குத் தின்னக் கொடுத்ததாகிவிடும். கொடுக்காமல் விட்டு, ஊகம் சரியாக இருந்துவிட்டால், அப்போதும் குழந்தை போய்விடும். மரபணுச் சோதனைக்கு இரத்தம் வெளிநாடு போயிருந்தது. முடிவு வரக் கவின் காத்திருக்க மாட்டான்.

இந்த இடத்தில்தான் வரைபடம் வருகிறது. வாட்டில் முதல் நாள் எடுத்த வரைபடத்தில் சிவகாமியின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் இருந்தது. அண்ணன், முருகேசு, ஆரோக்கியமானவர், ஹட்டனில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். ஆரோக்கியமான ஒரு சகோதரன் இருப்பது தாய் வழி நோயைத் தள்ளிவிடாது. ஆனால் தராசை மற்றக் காரணத்தின் பக்கம் அசைக்கும். அந்த ஒற்றைச் சதுரத்தால்தான் பெரிய டொக்டர் மருந்தைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"நீங்க ஒருக்கா உக்காந்து பேசிப் பாருங்க" என்றார் என்னிடம். "நான் கேட்டா எல்லாத்துக்கும் ஆமாங்கன்னு சொல்றாங்க."

காலையில் போய்ச் சிவகாமியின் கட்டிலோரம் உட்கார்ந்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மூத்த மகளைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவளே கைபேசியை எடுத்துப் படம் காட்டினாள். மகளுக்குக் காது குத்திய படம். பட்டுப் பாவாடை, சந்தனம் பூசிய மொட்டைத் தலை, வாய் நிறைய அழுகை. அவளை மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்தபடி, தானும் அழுதுவிடுவார் போல ஒரு மனிதர்.

"இதாங்க எங்க அண்ணன். புள்ளைய விட இவருதான் மிஸ் கூடுதலா அழுதாரு. ஆசாரி ஊசிய எடுத்தாரோ இல்லையோ, கண்ண மூடிக்கிட்டாரு!"

பழைய பழக்கம். இடமிருந்து வலமாகக் கேட்டுக்கொண்டே போனேன். இது யார், இது யார். சீர்த் தட்டோடு நிற்கும் அம்மாளிடம் வந்தோம்.

"இது அண்ணனோட அம்மா."

"உங்க அம்மா?"

"எங்கம்மா நான் வயசுக்கு வர்றதுக்கு முந்தியே போயிட்டாங்க. இவங்க பெரியம்மா. எங்கப்பாவோட அண்ணன் சம்சாரம்."

பெரியப்பா மகன். உடன்பிறந்தவர் அல்ல. சிவகாமி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வரைபடம் எடுத்தவரும் கவனக்குறைவானவர் அல்ல. அவரும் நம்மவர்தான், அவர் வீட்டிலும் பெரியப்பா மகன் அண்ணன்தான். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதே சதுரத்தைத்தான் போட்டிருப்பேன்.

"அப்ப உங்களுக்குக் கூடப் பிறந்த..." என்று நான் தொடங்கியதும் அவள் முகம் மாறியது.

"அப்படிப் பிரிச்சுப் பேசாதீங்க மிஸ். எம் புள்ளைய மடியில வச்சுக் காது குத்தின மனுசன். சீர் கொண்டு வந்தவரு. அண்ணன்னா அண்ணன்தான்."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் நம் பிள்ளைகளுக்குக் காது குத்துவது. தாய்மாமன் இல்லாத வீட்டில் உறவில் ஒருவர் மடி கொடுப்பார். கொடுத்த பிறகு அவர்தான் தாய்மாமன். அவரை "ஒன்றுவிட்ட" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அந்தச் சடங்கையே அவிழ்த்து எறிந்த மாதிரி. அப்படியானால் சிவகாமிக்குக் கூடப் பிறந்த ஆண்கள் ஏன் இல்லை? பிறக்கவே இல்லையா, பிறந்து தங்கவில்லையா? அவளுக்குத் தெரியாது. தெரிந்த தாய் உயிரோடு இல்லை, தகப்பனும் இல்லை; பெரியப்பாவும் படத்திலிருந்த பெரியம்மாவும்கூட இப்போது இல்லை. தெரிந்திருக்கக் கூடியவர் ஒரே ஒருவர். அந்த மடி கொடுத்த மாமன்.

பெரிய டொக்டரிடம் போனேன். அவர் உடனே தன் கைபேசியை நீட்டினார்.

"ரெண்டு நிமிஷ வேலைங்க. கேளுங்க."

"போன்ல கேட்டா, நான்தான் கூடப் பிறந்த அண்ணன்னு சொல்லிட்டு வச்சிருவாரு, மேடம். ஒருக்கா சொல்லிட்டா அப்புறம் மாத்திச் சொல்ல மாட்டாரு. ஆட்டோ ஸ்டாண்டில நாலு பேர் நிக்கிற இடத்துல வேற என்ன சொல்லுவாரு?"

அவர் கவினின் காய்ச்சலும் சீனியும் குறித்த தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு குழந்தையின் உயிரில் அரை நாளைக் கேட்கிறேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இருட்டுறதுக்கு முன்னால எனக்குப் பதில் வேணுங்க" என்றார். "வரலைன்னா நான் குருட்டுத்தனமா ஒண்ணு செய்யணும்."

வேனில் ஏறியபின் முருகேசுவை அழைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், நேரில் பார்க்க வேண்டும் என்றேன்.

"புள்ள போயிருச்சா, மிஸ்?"

"இல்ல, இல்ல. இருக்கான். ஒரு விசயம் கேக்கணும்."

"சத்தியமா இருக்கானா?"

"சத்தியமா."

"அப்ப நீங்க மலையேறி வராதீங்க. நான் எறங்குறேன். கினிகத்தேனையில நில்லுங்க."

பாதி வழியிலிருந்த கினிகத்தேனையில் மழை கொட்டியது. தேநீர்க் கடை நிறைய ஆட்கள். முருகேசு வந்ததும் அவருடைய முச்சக்கரவண்டியின் பின் இருக்கையிலேயே ஏறிக்கொண்டேன். அவர் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்து, பக்கத் திரைகளை இறக்கிவிட்டு, முன் இருக்கையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அதைவிட நல்ல அறை எனக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைத்ததில்லை. மழைச் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. முகம் பார்க்காமல் பேசலாம்.

வழி நெடுக அந்த ஒரு கேள்வியைத்தான் புரட்டிக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் சொந்த அண்ணனா என்று கேட்கக் கூடாது. பத்திரிகைக்காரி அப்படித்தான் கேட்டிருப்பாள். ஒரு தலைமுறை மேலே போனேன்.

"சிவகாமி சின்னப்புள்ளையா இருக்கும்போது, அவளுக்குக் காது குத்தினது யார் மடியில?"

"அதா... மேல் லயத்துல ஒரு மாமா இருந்தாரு. சித்திக்கு அண்ணன் முறை."

சித்தி என்று அவர் சொன்னது சிவகாமியின் தாயை.

"ஏன், சித்திக்குக் கூடப் பொறந்தவங்க?"

"ஆம்பளப் புள்ளைங்க தங்கலைம்பாங்க அவங்க வீட்டுல." முன் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். பிறகு தானாகவே சொன்னார். "சித்திக்கும் தங்கல."

மடியில் வரைபடத்தை விரித்தேன்.

"சிவகாமிக்கு முன்னால ரெண்டு. அப்புறம் ஒண்ணு. எல்லாம் ஆம்பளப் புள்ளைங்க. சித்தி வீடு எங்க காம்பராவுக்கு அடுத்த காம்பரா. ராத்திரியெல்லாம் அழுவுற சத்தம் கேக்கும். மேலெல்லாம் செவந்து உரிஞ்சு போயி, வயித்தால போயிக்கிட்டே இருக்கும். தண்ணி தண்ணியா மூத்திரம், துணி காயவே காயாது. பால் குடிக்கிற புள்ள குச்சி மாதிரி ஆயிரும். பேர் வைக்கக்கூட இல்ல. செய்வினைன்னாங்க, கன்னிமார் கோவம்னாங்க. கடைசிப் புள்ளைய எடுத்துட்டுப் போகும்போது சித்தப்பா கூட நானும் போனேன், மிஸ். துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. கடையில வாங்குற ஒரு ராத்தல் பாண் அளவுகூட பாரமில்ல."

அவர் தேநீரைக் குடிக்கவே இல்லை.

"கவினுக்கும் அதேதானா?"

"அப்படித்தான் தெரியுது. ஆனா இப்ப மருந்து இருக்கு. இதைத் தெரிஞ்சாத்தான் குடுக்கலாம்."

"இதைச் சொல்ல என்னைய ஒரு நாள் முந்திக் கேட்டிருக்கலாமே!" என்று திரும்பிக் கோபமாகப் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த வரைபடத்தைக் கண்டார். "இது என்னாது?"

காட்டினேன். இது கவின், இது சிவகாமி.

"பக்கத்துல இருக்குற பெட்டி?"

"நீங்க."

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் தங்கையோடு ஒரே கோட்டில் தன்னைப் போட்டிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

"இப்ப என்ன செய்வீங்க?"

"எடுக்கணும். உங்க இடத்துல அந்த மூணு புள்ளைங்களையும் போடணும்."

"என்னைய அழிச்சாத்தான் புள்ளைக்கு மருந்துன்னா அழிச்சிருங்க" என்றார். "ஆனா பேப்பர்ல மட்டும். வெளியில நான்தான் மாமன். அதை எந்த டொக்டரும் தொடப்படாது."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். மூன்று சதுரங்கள் போட்டு ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடிட்டேன். பெயர் எழுதும் இடங்கள் காலியாகவே கிடந்தன. திரையை விலக்கிக்கொண்டு இறங்கி, கடையின் தகரக் கூரைக்குக் கீழ் நின்று பெரிய டொக்டரை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூணும் ஆம்பளைப் புள்ளைங்கதானே?"

"மூணும்."

"சரிங்க."

அன்று மாலையே கிருமிக்கான மருந்தோடு அந்த மருந்தையும் தொடங்கினார். அடுத்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வயிற்றுப்போக்கு குறைந்தது. பிறகு தோல் ஆறியது. ஒரு காலை கவின் பாலுக்காகக் கத்திய கத்தலில் பக்கத்து வாட் தாதி எட்டிப் பார்த்தாள். வெளிநாட்டிலிருந்து சோதனை முடிவு வந்தபோது அது எங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது.

முடிவைச் சொல்வது எங்கே என்பது அடுத்த கேள்வி. எங்கள் வேன் லயத்து வாசலில் நின்றால் அன்று மாலைக்குள் தோட்டமே அறியும். லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். ஆகவே வாட்டில், கதவைச் சாத்தி, சிவகாமி, கொழும்பிலிருந்து வந்த கணவன், முருகேசு மூவரையும் உட்கார வைத்தார் பெரிய டொக்டர். சொல்லி முடித்ததும் சிவகாமி கேட்டாள்.

"அப்ப என்னாலதானா, டொக்டர்?"

"என் ரெண்டு கண்ணுக்கும் எங்க அம்மா மாதிரியே பவர் கூடுதலுங்க. அதுக்காக எங்கம்மா மேல கேஸ் போட முடியுமாங்க?"

சிவகாமி அழுகையோடு சிரித்தாள். முருகேசு கணவன் பக்கம் திரும்பினார்.

"இந்தா மச்சான், எந் தங்கச்சிய ஒரு வார்த்த சொன்னீங்கன்னா பாத்துக்குங்க."

"ஐயோ, நான் ஒண்ணுமே சொல்லலையே மச்சான்!"

"சொல்லல. சொல்லப்போற மூஞ்சி மாதிரி இருந்துச்சு."

மூத்த மகளும் இதைச் சுமக்கிறாளா என்று பார்க்க இரத்தம் எடுக்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஆய்வுக்கு மிகவும் பயன்படும் தகவல். பெரிய டொக்டர் மறுத்துவிட்டார். "அது அவங்க கேள்விங்க. வளர்ந்து அவங்களே வந்து கேக்கட்டும்." அப்படி மறுப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். உங்களில் யாராவது ஒருநாள் குழுத் தலைவரானால் நினைவில் வையுங்கள்.

இரண்டு மழைக்காலம் கழித்து எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. கவினுக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் என்று முருகேசுவின் பெயர் பெரிய எழுத்தில். டயகமவில் கோயில் முற்றத்தில் பனி விலகாத காலை. பெரிய டொக்டரும் வந்திருந்தார். மொட்டைக்குச் சம்மதித்தார்; கத்தி வேண்டாம், மெஷின் போதும். காது குத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எதிர்ப்புச்சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் ஓட்டை போட அவருக்கு மனமில்லை. சிவகாமி விரலில் குத்திச் சீனி பார்த்து, ஒரு வாய் பால் கொடுத்து, மகனை அண்ணன் மடியில் உட்கார வைத்தாள்.

ஆசாரி தங்கக் கம்பியோடு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு. குத்தாமல் என்ன காதுகுத்து? சிவகாமியின் முகம் சுருங்கியது.

முருகேசு சந்தனத்தைத் தொட்டுப் பிள்ளையின் இரண்டு காதிலும் பொட்டு வைத்தார். சீர்த் தட்டிலிருந்த தோட்டை எடுத்து, அந்தச் சந்தனத்தின் மேலேயே ஒட்டி, விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"கூடப் பொறக்காமலே மாமன் வரலையா, மிஸ்? ஓட்ட இல்லாமலே தோடு வரட்டும்."

மேளம் அடித்தார்கள். கவின் அழவில்லை. முருகேசுதான் வழக்கம்போல அழுதார்.

உங்கள் கோப்பில் அந்தக் குடும்பத்தின் வரைபடம் இன்னும் இருக்கிறது. சிவகாமியின் பக்கத்தில் கோடிட்ட மூன்று சதுரங்களைக் காண்பீர்கள். வரைபடம் சரியானது, ஒரு கோட்டையும் மாற்ற வேண்டாம். ஆனால் ஹட்டனில் எப்போதாவது ஒரு முச்சக்கரவண்டியில் ஏறி, சாரதியின் தலைக்கு மேலே சட்டம் போட்ட ஒரு படத்தைப் பார்த்தால், அதில் மொட்டைத் தலையோடு ஒரு பையன், அவன் காதைப் பிடித்தபடி கண்ணை மூடிய ஒரு மனிதர் இருந்தால், அந்தப் படத்துக்குக் கீழே எழுத வேண்டியதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். இடமிருந்து வலம்: கவின், அவனுடைய தாய்மாமன் முருகேசு.